‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் சார்’

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வேலைவாய்ப்பும் தன்னம்பிக்கையும்’. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. தன்னம்பிக்கை பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் ரொம்பச் சின்னது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது வழியில் நேரமாகிவிட்டால் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது. அவ்வளவுதான். இதற்கு 20 நிமிஷமா என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் இது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தவன்தான்.

நான் 2010-இல் மெக்கானிக்கல் முடித்தவன். எங்கள் பேட்சுக்கு கேம்பஸில் வந்த கம்பெனிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2008-இல் வந்த உலகப் பொருளாதார மந்தம் எங்கள் தலையில் வந்து விடிந்தது. ஊரில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, 2011-இல் தாம்பரத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்தோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஜோடி நல்ல கறுப்பு ஷூ. யாருக்கு இண்டர்வியூவோ அவன் போட்டுக்கொண்டு போவான். எனக்குக் கொஞ்சம் பெரிது, முன்னால் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் எனக்குக் கால் லெட்டர் வந்தது. உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை, காலை ஒன்பதரை மணி. முகவரியில் கம்பெனி பெயர், பிளாட் நம்பர், அப்புறம் ‘சிப்காட்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஊர் பெயரும் இருந்திருக்கிறது. நான் சிப்காட்டோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். ரூமில் ஒரு சீனியர், “சிப்காட்னா பூந்தமல்லி தாண்டிடா, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல” என்றார். போதுமே! விடிகாலையில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, இருங்காட்டுக்கோட்டையில் போய் இறங்கி, ஒவ்வொரு கேட்டாகப் போர்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். சிப்காட் என்பது ஒரு இடத்தின் பெயர் இல்லை. அது 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனம். தமிழ்நாடு முழுக்க அதற்குத் தொழிற்பூங்காக்கள் இருக்கின்றன. அந்த ஒரு வட்டாரத்திலேயே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று வரிசையாக உண்டு. சிறுசேரியில் இருப்பதும் சிப்காட்தான். ஆட்டோக்காரரிடம் ‘சிப்காட் போகணும்’ என்றால் அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போய் விடலாம், அவர்மேல் தப்பே கிடையாது.

ஒரு செக்யூரிட்டி பெரியவர் லெட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஒரகடம்யா” என்றார். மணி ஒன்பது இருபது. அங்கிருந்து ஒரகடம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து நேராகப் படப்பை வழியாகப் போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

கையில் நோக்கியா 1100. அதில் பேலன்ஸ் ஒரு ரூபாய் சொச்சம். லெட்டரில் ஒரு மொபைல் நம்பர் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஸ்டு கால் கொடுத்தேன். வேலை கேட்டுப் போகிற கம்பெனிக்கு மிஸ்டு கால் கொடுத்த ஒரே இஞ்சினியர் நானாகத்தான் இருப்பேன். பேலன்ஸ் மட்டும் காரணம் இல்லை. எடுத்தால் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்ற பயம். அவர்களாகக் கூப்பிட்டால் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

கூப்பிட்டார்கள். ஒரு அம்மா நல்ல தமிழில், “யாருங்க, இந்த நம்பர்லேருந்து கால் வந்துச்சே” என்றார். பெயரைச் சொன்னேன். “எங்க இருக்கீங்க?” என்றார். அப்போது என் வாயில் வந்த வார்த்தைதான் இந்தப் பேச்சின் தலைப்பு. “பக்கத்துல வந்துட்டேன் மேடம். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.”

ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கேட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்து ஐம்பது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் உற்பத்தி மேலாளர் என்று பிறகு தெரிந்தது. சட்டையில் ஆயில் கறை. அவர் சத்தம் போடவில்லை. “ஒன்பது இருபத்தஞ்சுக்கு எங்கிருந்து தம்பி பேசினீங்க?” என்று மட்டும் கேட்டார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னதை என் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன். “லேட்டா வந்தது பெரிசில்லை. இடம் மாறிப் போறது எல்லாருக்கும் நடக்கும். நீங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னதால அடுத்த ஆளை உள்ள கூப்பிடாம நாங்க மூணு பேரும் அரை மணி சும்மா உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு லைன்ல மெஷின் நின்னு போச்சுன்னா உங்ககிட்டதான் கேப்பேன், எவ்வளவு நேரமாகும்னு. நீங்க அஞ்சு நிமிஷம்பீங்க. அதை நம்பி நான் நாப்பது பேரை நிக்க வெச்சிருப்பேன். ஒரு மணி நேரம்னு முன்னாடியே சொன்னா அவங்களை வேற லைனுக்கு அனுப்பியிருப்பேனே.”

பிறகு மரியாதைக்கு இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இதை நான் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

அன்று சாயங்காலம் ரூமுக்குப் போனதும் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, “என்னடா ஆச்சு?” என்றார்கள். நான் நடந்ததைச் சொல்லவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கம். “லேட்டா போயிட்டேன்டா, வெளிய அனுப்பிட்டாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஒரு நிமிஷம் லேட்னாலும் அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த ரூமில் அது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

2012 தொடக்கத்தில் எங்களில் ஒருவனுக்கு அதே ஒரகடத்தில் வேறு ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. ஒன்பது மணிக்கு. ரூம் ஓனர் மகனின் பைக்கை இரவல் வாங்கியிருந்தான். அன்று தண்ணீர் வரவில்லை, கிளம்பும்போதே எட்டேகால் ஆகிவிட்டது. எப்படியும் பத்து நிமிஷம் தாமதமாகும், அது அவனுக்கும் தெரியும். பாக்கெட்டில் கால் லெட்டர், அதில் போன் நம்பர். கையில் போன், அதில் பேலன்ஸும் இருந்தது. அவன் கூப்பிடவில்லை. விரட்டிப் பிடித்துவிடலாம் என்று போனான். படப்பை தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணும்போது ஓரத்து மணலில் சறுக்கி விழுந்தான்.

108 ஆம்புலன்ஸில் கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் ஊரில் படுக்கை. அவன் அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. நாங்கள் போட்டுக்கொள்ளும் அந்த ஒரு ஜோடி ஷூவில் ஒன்று ரோட்டிலேயே போய்விட்டது.

மறுநாள் அவன் சட்டைப் பையில் இருந்த லெட்டரை எடுத்து அந்த நம்பருக்கு நான்தான் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “ஐயோ, நேத்து எங்க பேனல் ஆளுங்க வரவே பதினோரு மணி ஆச்சே. ஒரு போன் பண்ணியிருந்தா மெதுவா வரச் சொல்லியிருப்பேனே” என்றார்.

ஆஸ்பத்திரியில் நான் அவனிடம், “ஏன்டா கூப்பிடல?” என்று கேட்டேன். “நீதானே சொன்னே, ஒரு நிமிஷம் லேட்னாலும் அனுப்பிடுவாங்கன்னு” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அவன் இப்போது கோயம்புத்தூரில் டிசைன் இஞ்சினியர். இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். நேற்று ராத்திரி, “மேடையில இதைச் சொல்லலாமாடா?” என்று கேட்டேன். “சொல்லு, பேரைச் சொல்லாதே. திரும்பிப் பாப்பாங்க” என்றான். ஆகவே யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நிற்க. இப்போது நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். பராமரிப்புத் துறையில் இருக்கிறேன், ஆறு வருஷமாக எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் குழுவில் ஒருவன். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும்.

குழுவில் இருக்கிற நாங்கள் யாரும் இண்டர்வியூ எடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. காலை ஷிஃப்டில் ஒரு மெஷின் தகராறு பண்ணிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிட்டு ஓடி வருவோம். எங்களுக்குள்ளேயே ஒருத்தர் எப்போதும் லேட். ஒரு நாளைக்கு எட்டு பேரைப் பார்க்க வேண்டும் என்றால் மனிதவளப் பிரிவில் ஒரு தாள் வைத்திருப்பார்கள், நேரமும் பெயரும் எழுதி. ஒன்பதரை ஆள் பத்தரைக்குத்தான் வருவான் என்று எட்டரைக்கே தெரிந்தால், பத்தரை ஆளை முன்னால் கூப்பிட்டு பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை. அதே செய்தி ஒன்பதே முக்காலுக்கு வந்தால் அம்புக்குறி போட முடியாது, ஏனென்றால் பத்தரை ஆள் அப்போது பஸ்ஸில் இருப்பான். செய்தி ஒன்றுதான். அது வருகிற நேரத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ‘ஆண்டான்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு, புரொடக்ஷன் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜப்பானிய மொழியில் காகித விளக்கு என்று அர்த்தம். வேலை செய்கிறவருக்கு ஏதாவது கோளாறு தெரிந்தால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். லைன் உடனே நிற்பதில்லை. குறிப்பிட்ட இடம் வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் சரி செய்ய முடியாவிட்டால்தான் நிற்கும். கயிற்றை இழுத்தவர்மேல் பழி சொல்லக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படையே. நாம் பரீட்சையில் இதற்குப் படம் போட்டு மார்க் வாங்கிவிட்டு, நம் விஷயத்தில் மட்டும் கயிற்றை இழுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போகிறோம்.

சரி, என்னதான் சொல்வது? சமீபத்தில் ஒரு பையன் பேசியதைச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துப் பையன். திண்டிவனம் தாண்டி பஸ் பிரேக்டவுன். காலை ஏழு ஐம்பதுக்கு எங்கள் மனிதவளப் பிரிவு மேடத்துக்குப் போன் பண்ணியிருக்கிறான். “வணக்கம் மேடம். இன்னைக்கு ஒன்பதரைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்கு இண்டர்வியூ வர வேண்டியவன் பேசறேன்” என்று பெயரைச் சொல்லிவிட்டு, “பஸ் நின்னுடுச்சு. நான் திண்டிவனம் தாண்டி ரோட்ல நிக்கிறேன். அடுத்த பஸ் பிடிச்சு வந்தா பதினொன்னேகால் ஆகும் மேடம். அப்ப வந்தா பாப்பீங்களா, இல்ல வேற நாள் வரட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். முழுக்கத் தமிழில்தான். மேடம் எங்களிடம் வந்து சொல்லும்போது அவன் என்ன மொழியில் பேசினான் என்பதையே சொல்லவில்லை. பதினொன்றேகால் என்று மட்டும்தான் சொன்னார்.

இந்தப் பேச்சில் ‘அஞ்சு நிமிஷம்’ இல்லை, ‘கொஞ்ச நேரம்’ இல்லை. கடிகாரத்தில் ஒரு மணி இருக்கிறது. எங்கே நிற்கிறான் என்பது உண்மையாக இருக்கிறது. முடிவை அவர்கள் கையில் விட்டிருக்கிறான். பதினொன்று பத்துக்கு வந்தான். தெரிந்தோ தெரியாமலோ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறான். அது நல்ல பழக்கம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் கேட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி, ரெஜிஸ்டரில் எழுதி, பாஸ் வாங்கி, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி, சில இடத்தில் ஷூவையும் மாற்றி உள்ளே நடந்து வருவதற்குள் கால் மணி போய்விடும். ‘கேட்டுக்கு வந்துட்டேன்’ என்பது வந்து சேர்ந்ததாக ஆகாது.

அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. ஒரு சாதாரண ஹைட்ராலிக் சர்க்யூட் வரையச் சொன்னோம், வரவில்லை. போன் பண்ணினால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவனை முறையாகப் பார்த்தோம், முக்கால் மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சேர வேண்டியது அதுதான்.

வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக வருகிறார்கள். அந்த நம்பருக்கு அன்றைக்கு எத்தனை பேர் செய்தி போட்டிருப்பார்களோ. முதலில் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் செய்தி போட்டுவிட்டுக் கம்பெனியின் பொது நம்பருக்கோ கேட் நம்பருக்கோ பேசுங்கள். செக்யூரிட்டி அலுவலகத்தில் சொன்னாலும் உள்ளே சொல்லிவிடுவார்கள். இந்த நம்பர்களைப் போனில் வைத்திருந்தால் போதாது, ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். சார்ஜ் போகிற நாள் எது என்று போன் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. பைக்கில் போகிறவர்கள் தயவுசெய்து ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். இதை மட்டும் அண்ணன் என்ற உரிமையில் உத்தரவாகவே சொல்கிறேன்.

அப்பா, மாமா யாரையும் பேசச் சொல்லாதீர்கள். ‘என் பொண்ணு வந்துக்கிட்டே இருக்காங்க சார்’ என்று அப்பா பேசினால், அவர் நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் வேலை அவருக்கு இல்லையே.

வந்து சேர்ந்தபின் கதை வேண்டாம். சிலர் உட்கார்ந்ததும் பஸ் எங்கே நின்றது, கண்டக்டர் என்ன சொன்னார் என்று ஆரம்பித்து, அவர்களுக்கு என்று இருக்கும் 20 நிமிஷத்தில் எட்டு நிமிஷத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். ‘தாமதத்துக்கு மன்னிக்கணும், காத்திருந்ததுக்கு நன்றி’ என்றால் முடிந்தது. வியர்த்து விறுவிறுத்து வந்திருந்தால், ‘முகம் கழுவிட்டு வரலாமா?’ என்று கேளுங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பஞ்சர் கதை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்களிடம் வருகிறவர்களின் டயர்கள் மாதிரி பஞ்சராகிற டயர்கள் உலகத்திலேயே கிடையாது.

வீடியோவில் நடக்கும் இண்டர்வியூவுக்கும் இதேதான். கரண்ட் போனால், லிங்க் திறக்காவிட்டால், உடனே போனில் சொல்லிவிட்டு மறுபடி சேரப் பாருங்கள். 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னையில் வெள்ளம் வந்தபோது பல இடங்களில் போனே வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நாளில் வராதவனை யாரும் கேள்வி கேட்பதில்லை, மறுநாளோ அதற்கு மறுநாளோ சொன்னால் போதும்.

தென் மாவட்டத்திலிருந்து போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சீனியர் சொன்ன வழியை அப்படியே நம்பாதீர்கள், நான் நம்பிக் கெட்டவன். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபிறகு கோயம்பேட்டை வைத்துப் போட்ட பழைய கணக்கெல்லாம் மாறிவிட்டது. ஒரகடம் போகிறவனுக்கு அது லாபம், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் ரோடு பிடித்தால் நேர் வழி. அம்பத்தூர் போகிறவன் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செயலாளர் அண்ணன் இரண்டாவது சீட்டு அனுப்பிவிட்டார். இருந்தாலும் அந்தப் பக்கம் ஒரு தங்கை கை தூக்கிக்கொண்டே இருக்கிறார். கேளும்மா.

“சார், நாம உண்மையைச் சொல்லி, அவங்க ‘அப்ப வர வேண்டாம்’னு சொல்லிட்டா?”

சொல்வார்கள்மா. சில இடத்தில் சொல்லத்தான் செய்வார்கள். ‘சரி மேடம், வேற நாள் இருந்தா கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அதையே இரண்டு வரி மின்னஞ்சலில் எழுதிப் போடலாம். சில பேர் கூப்பிடுவார்கள், சில பேர் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டால்...

(இந்த இடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து என் நண்பன் உட்கார்ந்தபடியே, “மெதுவா ரூமுக்குத் திரும்பிப் போங்கம்மா” என்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கும் மணி அடித்தார்கள்.)